கொக்கு நுழைந்த வீடு: செட்டிநாட்டில் ஐந்து நாள்

நவம்பர் 12, புதன்

ஒன்பது அங்குல நிலைப்படி ஒன்று இன்று எங்களைத் தோற்கடித்தது.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டட வேலைக்கு ரோபோ செய்வது எங்கள் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது சுவர் பூசும் ரோபோ. நான்கு சக்கர மேடை, மேலே ஆறு மூட்டுள்ள ஒரு கை, கை நுனியில் கலவை பீய்ச்சும் குழாய், அதையொட்டி மட்டம் இழுக்க ஒரு பட்டை. மொத்தம் 180 கிலோ. கூடத்தில் நாங்களே கட்டி நாங்களே பூசி நாங்களே இடிக்கும் சுவர்களில் இரண்டு வருடமாக நன்றாகவே ஓடுகிறது. வெளியே ஒரு நிஜ வீட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நானே போய் வாயைக் கொடுத்தேன்.

கானாடுகாத்தானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். வீட்டுக்காரர் சென்னையில் இருக்கிறார், எங்கள் பேராசிரியருக்கு வேண்டியவர். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் புதிதாக எழுப்பிய செங்கல் சுவரில் ரோபோவை வைத்துப் பூசிப் பார்க்கலாம், பழைய சுவர்களை லேசர் ஸ்கேனர் வைத்து அளந்துகொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. நானும், கூடத்தில் பிஎச்டி செய்யும் தம்பி ஒருவனும் வந்திருக்கிறோம்.

காலை பதினோரு மணிக்கு முகப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். நிலையின் மரவேலைப்பாடு மட்டும் சுவரில் பாதியை அடைத்து நிற்கிறது. யாளி, கிளி, நடுவில் கஜலட்சுமி. ஆள் நுழைய விட்டிருக்கும் இடைவெளி என்னவோ மூன்றடிக்கும் குறைவு. எங்கள் மேடை இரண்டடி பத்தங்குலம். தம்பி டேப்பைப் பிடித்து, "அக்கா, ஒரு அங்குலம் மிச்சம் இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். கீழே பார்த்தேன். நிலைப்படி ஒன்பது அங்குலம் எழும்பி நின்றது. எங்கள் சக்கரம் ஏறக்கூடியது ஒன்றரை அங்குலம். அது முதல் வாசல்தான். முற்றம் இருக்கும் வளவுக்கு ஒன்று, இரண்டாம் கட்டுக்கு ஒன்று, மூன்றாம் கட்டுக்கு ஒன்று என்று வரிசையாக இன்னும் மூன்று. முகப்பில் நின்று பார்த்தால் நான்கு நிலைகளும் ஒரே நேர்கோட்டில், கடைசியில் பின்வாசல் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிகிறது. மனிதர் குனிந்து காலைத் தூக்கி வைத்து வர வேண்டும் என்று கட்டிய வீடு. எங்கள் ரோபோவுக்குக் குனியத் தெரியாது, காலும் கிடையாது.

2023 ஜூலையில் கட்டட ரோபோக்களுக்கான நாற்பதாவது சர்வதேச மாநாடு சென்னை ஐஐடியில் நடந்தது. நானும் அட்டை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். எதிர்பாராத தளச் சூழலை இயந்திரம் எப்படிச் சமாளிக்கும் என்று அங்கே பேசாத ஆள் இல்லை. எதிர்பாராத சூழலுக்கு ஒன்பது அங்குல உயரம் என்று இன்றுதான் தெரிந்தது.

வாசலில் துண்டை உதறித் தோளில் போட்டபடி ஒரு பெரியவர் வந்தார். தலைமைக் கொத்தனார். அறுபத்தைந்து இருக்கும். ரோபோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏந்தாயி, இந்த வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அந்தத் தெருவுல முடியுது. மாட்டுவண்டி உள்ள வந்தது பின்வாசல்ல. அங்க படி கிடையாது" என்றார். இதை வீட்டுக்காரரிடம் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பின்தெருவுக்குப் போய் இறக்குவதற்குள் பள்ளி விட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். கை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டியதைப் பார்த்ததும் ஒருவன் "கொக்குடா!" என்றான். நாங்கள் வைத்த பெயர் ஏழெழுத்துச் சுருக்கம். சாயங்காலத்துக்குள் வாட்ச்மேன் முதல் எல்லாருக்கும் அது கொக்கு ஆகிவிட்டது. தம்பிகூட ஒரு முறை அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

காரைக்குடியில் லாட்ஜ், நாளுக்கு 1,300 ரூபாய். காலை ஏழு வரைதான் வெந்நீர். இரவு இடியாப்பமும் கோழிச் சாறும். ஆளுக்கு 140. சாற்றில் மிளகும் சோம்பும் கண்ணீர் வரும் அளவுக்கு. வெளியே தூறல் ஆரம்பித்திருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

கொத்தனார் ஐயா காலை ஏழரைக்கே கலவை போட்டுக்கொண்டிருந்தார். பழைய வளவில் விரிசல் விட்ட சுவர்களுக்கு அவர் சுண்ணாம்புப் பூச்சுப் பூசுகிறார். பின்கட்டுச் சிமெண்ட் சுவர் எங்களுக்கு. ஆளுக்கொரு சுவர் என்றதும் வேலையாட்களிடையே ஒரு ஜல்லிக்கட்டு மனநிலை வந்துவிட்டது.

செட்டிநாட்டுப் பூச்சைப் பற்றிக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார்கள்: முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம். நான் பார்த்தது ஊறவைத்த சுண்ணாம்பு நிறைந்த தொட்டி, கடுக்காய் ஊறிப் பழுப்பாக நின்ற ஒரு டிரம், மூன்று அட்டை முட்டை. முட்டை கடைசிப் பூச்சுக்கு மட்டும்தானாம். "வெல்லம் எதுக்கு ஐயா?" என்றேன். "சீக்கிரம் இறுகிட்டா தேய்க்க நேரம் எங்க இருக்கு? வெல்லம் கொஞ்சம் பொறுடான்னு சொல்லும்." சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் இறுகுவது தள்ளிப்போகும் என்பது எங்கள் பாடப்புத்தகத்திலும் உண்டு. அதில் யாரும் யாரையும் பொறுக்கச் சொல்வதில்லை.

சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சில மணி நேரத்தில் இறுகும். சுண்ணாம்பு அப்படியில்லை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகிறது. அதற்கு மாதக்கணக்காகும். ஐயா பூச்சுக்குப் பூச்சு காயவிட்டு ஐந்து பூச்சு பூசுகிறார். கடைசியில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கிறார். நூறு வருடப் பழைய தூணில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது.

தம்பி ஸ்கேனரை முக்காலியில் நிறுத்தி வளவின் நான்கு பக்கமும் அளந்தான். நாற்பது நிமிடம், கோடிக்கணக்கான புள்ளிகள். லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்து, "வடக்குச் சுவர் மேலே போகப் போக ஒன்பது மில்லிமீட்டர் உள்ளே சாயுது" என்றான். ஐயா ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து, சாரத்தில் ஏறிக் கட்டையை வைத்துத் தொங்கவிட்டார். குண்டு ஆடி நிற்கும் வரை பீடி பற்றவைக்க நேரம் இருந்தது. இறங்கி வந்து நூலுக்கும் சுவருக்கும் நடுவில் விரலை வைத்தார். "அரை விரக்கடை." அவர் விரலை டேப்பால் அளந்தேன். பதினெட்டு மில்லிமீட்டர். ஸ்கேனரின் விலையை அவரிடம் நான் சொல்லவில்லை.

மதியம் எங்கள் முறை. கலவைப் பம்பை ஓட்டினோம். முதல் ஆறு நிமிடம் அழகாகப் போனது. கை இடமிருந்து வலமாக நகர்ந்து ஒரே கனத்தில் பட்டை பட்டையாக அப்பியது. வேலையாட்கள் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். ஏழாவது நிமிடம் குழாய் முனை அடைத்தது. தம்பி நிறுத்துவதற்குள் அழுத்தம் ஏறி இணைப்பு பிடுங்கிக்கொண்டு, அரைச் சட்டி கலவை அவன் சட்டையில். உள்ளே பார்த்தால் மிளகு அளவுக்கு ஒரு கல். மணலை யாரும் சலிக்கவில்லை. கூடத்தில் மூட்டையில் சலித்த மணல் வரும், சலிப்பது என்று ஒரு வேலை இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. இன்றைய கணக்கு: ஏழு நிமிட வேலை, இரண்டரை மணி நேரக் கழுவல்.

கழுவும்போது ஐயா பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிநாட்டுல எல்லாம் இதுதான் கட்டுதாமே?" என்றார். போனில் வீடியோ காட்டினேன். முதலில் அமெரிக்காவின் சாம். செங்கல் அடுக்கும் இயந்திரம். அது செங்கல்லில் கலவை தடவி வரிசையாக வைத்துக்கொண்டே போகிறது. ஐயா இரண்டு முறை பார்த்தார். "பின்னாடி ஒருத்தர் நின்னு கலவைய வழிச்சு விடுறாரே, அவருக்கு என்ன சம்பளம்?" சாம் பற்றிய பத்திரிகைச் செய்திகளில் நாளுக்கு எத்தனை கல் என்பதுதான் தலைப்பாக வரும். இணைப்பை வழித்துச் சீராக்க ஒரு கொத்தனார் கூடவே வேண்டும் என்பது உள்ளே எங்கேயோ கிடக்கும். இவர் அதை ஒரு நிமிட வீடியோவில் பிடித்துவிட்டார்.

அடுத்தது ஆஸ்திரேலியாவின் ஹேட்ரியன் எக்ஸ். லாரி மேல் நீண்ட தும்பிக்கை. 2018-ல் மூன்று படுக்கையறை வீட்டின் சுவர்களை மூன்று நாளுக்குள் எழுப்பிக் காட்டியது. "கலவை எங்க?" என்றார். கலவை கிடையாது, ஒரு வகைப் பசை என்றேன். "அப்ப அது ஒட்டுறது. கட்டுறது இல்ல." எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

மாலை நான்கு மணிக்குப் பலகாரம்: வெள்ளைப் பணியாரம், வரமிளகாய்ச் சட்னி. ஐந்து பணியாரம் 40 ரூபாய். நான் பத்து சாப்பிட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. வேலை இல்லை. வளவின் நான்கு பக்கத் தாழ்வாரமும் முற்றத்தில் ஊற்றுவதைப் பார்க்க வாட்ச்மேன் கூப்பிட்டார். தூம்பு வாயிலிருந்து கட்டித் தண்ணீர் கொட்டி, முற்றத்துக் கல்தளத்தில் ஓடி, ஒரு மூலைத் துளையில் இறங்குகிறது. அங்கிருந்து ஊருணிக்குப் போய்விடும் என்றார். என் வேளச்சேரி ஃபிளாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்து ஆத்தங்குடி போனோம், காத்திருப்போடு 700 ரூபாய். பேரம் பேசவில்லை. மழையில் வர ஒப்புக்கொண்டதே பெரிது.

தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறை ஒரு நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் கண்ணாடித் தகடு, அதன்மேல் நாலு பக்கச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகர அச்சு. கரண்டியால் சிவப்புக் கலவையை எடுத்து இதழ்களுக்குள் ஊற்றினார், பச்சையை இலைக்குள், மஞ்சளைச் சுற்றி. அச்சை ஒரே மூச்சில் மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றோடொன்று உரசி நின்றன, கலக்கவில்லை. மேலே காய்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பி, கரணையால் வழித்தார். எண்ணிப் பார்த்தேன், ஒரு கல்லுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. பிறகு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் காயல். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். பளபளப்புக்கு இயந்திரம் இல்லை, அது கண்ணாடியிலிருந்து வந்த பளபளப்பு. மழையில் கல் காயவில்லை என்று அவர் கவலைப்பட்டார். விலை டிசைனைப் பொறுத்து. சதுர அடி அறுபது ரூபாயிலிருந்து சொன்னார்.

தம்பி உடனே நோட்டை எடுத்துவிட்டான். மேலே தண்டவாளம், நான்கு ஊசிக்குழாய், அச்சே தேவையில்லை, கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பூ. செய்யக்கூடியதுதான். பட்டறைக்காரர் ஆர்வமாகக் கேட்டார், கோபப்படவில்லை. "நிறத்தை நீங்க கலந்து குடுப்பீங்களா, நான் கலக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். தம்பி நோட்டைப் பார்த்தான். அதில் அந்தப் பெட்டி இல்லை.

எனக்கும் ஒரு கல் ஊற்ற விட்டார்கள். அச்சைத் தூக்கும்போது கை ஒரு நூல் ஆடியது. என் பூவுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டது. அவர் சிரிக்காமல் வாங்கித் தனியாக வைத்தார். அப்படி ஏற்கெனவே பத்துப் பதினைந்து அங்கே அடுக்கியிருந்தன, எல்லாம் சுற்றுலா வந்தவர்கள் செய்தவை.

திரும்பும் வழியில் காரைக்குடியில் சிக்ரி வாசலைத் தாண்டினோம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். வானம் பார்த்த பூமியில் எதற்கு மின்வேதியியல் என்று அன்று யாராவது கேட்டிருப்பார்கள். மூன்று நாளாக என்னைப் பார்த்து ஊர் கேட்கும் அதே கேள்வி.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 130 ரூபாய். வெண்டைக்காய் மண்டி இரண்டு முறை கேட்டு வாங்கினேன். அரிசி கழுவிய தண்ணீரில் புளிப்பும் காரமுமாக. மூன்றாவது முறை கேட்பதற்குள் பரிமாறுபவர் வாளியோடு வந்து நின்றார்.

மாலையில்தான் இந்தப் பயணத்தின் உருப்படியான பாடம் நடந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எண்பது வயது. பேரன் வருகிறான் என்று தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தார். "கொக்கு கொண்டாந்த பொண்ணு நீதானாத்தா? உக்காரு." பித்தளைக் குழலில் மாவை அடைத்து எண்ணெய்க்கு மேலே சுற்றினார்.

கான்கிரீட்டை இப்படித்தான் பிழிந்து வீடு கட்டுகிறார்கள் என்று ஆச்சியிடம் சொன்னேன். சென்னை ஐஐடி வளாகத்தில் 2021-ல் 600 சதுர அடியில் ஒன்று, 2023-ல் பெங்களூரு அல்சூரில் 1,021 சதுர அடியில் ஒரு போஸ்ட் ஆபீஸ். போனில் படம் காட்டினேன். சுவரில் அடுக்கடுக்காக வரி தெரிந்தது. ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "மாவு தளர்த்தியா இருந்தா?" என்றார். கீழ் அடுக்கு அமுங்கிவிடும் என்றேன். "கெட்டியா இருந்தா?" குழாயில் வராது, வந்தாலும் விண்டு விண்டு வரும் என்றேன். "அப்ப பிழியறப்ப தளர்த்தியா இருக்கணும், விழுந்ததும் கெட்டியாயிறணும்." என் துறையில் இதற்கென்று தனிக் கருத்தரங்குகள் நடக்கின்றன. ஆச்சி அடுத்த ஈடு மாவுக்குக் கை நனைத்துப் பிசைய ஆரம்பித்தார். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். "மாவு கேக்குற அளவு."

ஒரு டப்பா தேன்குழல் கொடுத்தார். காசு என்றதற்கு முறைத்தார்.

நவம்பர் 15, சனி

மழை விட்டது, வெயில் இல்லை, காற்று முழுக்க ஈரம். ஐயா வந்ததும் முதல் வேலையாகப் பின்கட்டுச் சுவரில் புறங்கையை வைத்தார். உள்ளங்கை இல்லை, புறங்கை, காய்ச்சல் பார்ப்பதுபோல. அங்கங்கே ஐந்தாறு இடம். "இன்னிக்கு சுவர் குடிக்காது தாயி. மழை நேத்தே ஊத்திக் குடுத்துருச்சு. கலவைய கெட்டியா போடுங்க."

காய்ந்த செங்கல் கலவையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் பூச்சைப் பிடித்து நிறுத்தும். அதிகம் உறிஞ்சினால் வெடிக்கும், உறிஞ்சாவிட்டால் வழியும். எங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் கொக்குக்குத் தெரியாது. அதன் கேமரா சுவர் எங்கே இருக்கிறது என்று மில்லிமீட்டரில் சொல்லும். சுவர் எப்படி இருக்கிறது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கலவை விகிதத்தை மாற்றினால் ஆய்வுத் தரவு கெட்டுப்போகும் என்று தம்பி சொன்னான். நானும் சரி என்றேன். அந்தச் சரியை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பத்துக்குப் பத்தடிச் சுவரை இருபத்திரண்டு நிமிடத்தில் கொக்கு மூடியது. கைதட்டினார்கள். ஐயாகூடத் தலையாட்டினார். பன்னிரண்டு நிமிடம் கழித்து, மேல் பாதியில் ஒரு இடம் வயிறு தள்ளியது. பிறகு மெதுவாக, அவமானப்படுத்தும் அளவுக்கு மெதுவாக, ஒரு பாய் அளவு பூச்சு கீழே இறங்கி உட்கார்ந்தது.

இன்னொரு தப்பும் இருந்தது. மட்டம் இழுக்கும் பட்டையை எட்டாவது நிமிடத்தில் ஓட்டும்படி அமைத்திருந்தோம், கூடத்தில் அதுதான் சரியான நேரம். ஐயா நின்ற பாதியைப் பார்த்து, "இன்னும் இழுக்கல. அது இழுத்ததுக்கு அப்புறம்தான் மணியாஸ் கட்டைய போடணும்" என்றார். கலவை இழுப்பது என்றால் மேல்தண்ணீர் வற்றிப் பிடிக்கத் தொடங்குவது. மணியாஸ் கட்டை, பூச்சைத் தேய்த்து மட்டமாக்கும் மரக்கட்டை. "எப்படிப் பார்க்கறது?" விரலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். குழி விழுந்தது, விரலில் ஒட்டவில்லை. "இப்ப." அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு இடமாக நானும் தொட்டேன். பன்னிரண்டு முறை "இப்பவா?" என்று கேட்டேன். நான்கு முறை சரி.

கையை எங்கே கொண்டுபோவது என்பதை இரண்டு வருடமாகச் சொல்லிக் கொடுத்தோம். எப்போது என்பதை ஒரு நாள்கூடச் சொல்லித்தரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா ஒன்று கேட்டார். "தாயி, கொக்கு பூச வேணாம். மணல் தூக்குமா?" இரண்டாம் கட்டு மாடிக்கு மணலும் சுண்ணாம்பும் சித்தாள்கள் தலையில் சுமக்கிறார்கள். பின்தெருவில் கொட்டிய மணலை மாடிப்படி வரை கொண்டுவருவதே நூற்றைம்பது அடி நடை. நாங்கள் கையைக் கழற்றினோம், நாற்பது நிமிடம் ஆனது. வெறும் மேடையில் பலகையைக் கட்டி ஒரு நடைக்குப் பன்னிரண்டு பாண்டுச் சட்டி. பின்கட்டில் படி இல்லை. மாலைக்குள் இருபது நடை. நான்கு நாளில் கொக்கு செய்த வேலை என்றால் இதுதான், அதுவும் கொக்காக இல்லாமல் ஆமையாக.

உலகமும் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சாம் செய்த நிறுவனமே கனமான கல்லைத் தூக்கிக் கொடுக்கும் மியூல் என்ற கருவியையும் விற்கிறது. கல்லைத் தூக்குவது கருவி, வைப்பது கொத்தனார். அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும் என்று நான் ஐயாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சும்மாட்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, "அப்ப எனக்கு நாளைக்கு வேலை இல்லையா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஐயாவுக்கு நாள் கூலி 1,100, அவருக்கு 600. பதினெட்டு வருடமாகச் சித்தாள். ஒரே சாரத்தில் ஐயாவோடு நின்றிருக்கிறார். கலவை இழுத்ததா என்று கேட்டால் அவருக்கும் தெரியும், காலையில் என் எட்டுத் தப்பில் மூன்றை அவர்தான் கண்ணாலேயே சொன்னார். கரணை மட்டும் கொடுக்க மாட்டார்கள். "பொம்பளைங்க கொத்தனார் ஆகறதில்லையா?" என்று ஐயாவிடம் கேட்டேன். "எங்கயும் பாத்ததில்ல" என்றார். ஐயாவுடைய மகன் துபாயில் ஏசி மெக்கானிக். தொழிலுக்குப் பிள்ளைகள் வருவதில்லை, இன்னும் பத்து வருடத்தில் இந்தப் பூச்சுக்கு ஆள் இருக்காது என்று முந்தாநாள்தான் வருத்தப்பட்டார்.

எங்கள் ஒவ்வொரு திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலும் ஒரு வரி இருக்கும். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் 2017 அறிக்கையிலிருந்து: கட்டுமானத் துறையில் ஒரு ஆளின் உற்பத்தித்திறன் இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு 1 சதவீதம்தான் வளர்ந்தது, தொழிற்சாலைகளில் 3.6. ஜப்பானில் ஷிமிசு நிறுவனம் 1983-ல் இரும்புச் சட்டங்களுக்குத் தீத்தடுப்புப் பூச்சுத் தெளிக்க ரோபோ இறக்கியதையும் அடுத்த வரியில் எழுதுவோம். அங்கே அழுக்கும் ஆபத்தும் கஷ்டமுமான வேலைக்கு இளைஞர்கள் வர மறுத்தார்கள். இங்கே அக்கா வந்து நிற்கிறார். அவரை எந்த வரியில் எழுதுவது என்று தெரியவில்லை. பதிலுக்கு நான் ஏதோ சொன்னேன். "உங்க வேலை சுலபமாகும்" என்கிற மாதிரி. அவர் தலையாட்டிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆச்சியின் தேன்குழல் நான்கு, ஒரு டீ 15 ரூபாய்.

நவம்பர் 16, ஞாயிறு

நாளை கார்த்திகை பிறக்கிறது. மாலை போடப் போகிறவர்கள் கடைசி நாள் கறிக்கு வரிசையில் நின்றார்கள். நாங்களும் நின்றோம். உப்புக்கறி, 220 ரூபாய். நான்கு நாள் களைப்புக்கும் சேர்த்து அதில் மருந்து இருந்தது.

காலையில் மூட்டை கட்டுவதற்கு முன் சித்தாள் அக்கா, "அந்த ரிமோட்டைக் குடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு சும்மா பார்க்க வந்திருந்தார். மேடையைப் பின்கட்டு முழுக்க ஓட்டினார். தம்பி இரண்டு நாளாகச் சுவரில் இடித்த அதே மூலையில் ஒரே வீச்சில் திருப்பினார். மகளுக்குக் கொடுக்கச் சொன்னேன். "உடைச்சிருவா" என்று கொடுக்கவில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, கழற்றி விற்ற நிலைக்கதவுகள். ஒரு நிலைக்கதவைக் கீழே படுக்கப் போட்டிருந்தார்கள். நிலைப்படியை டேப்பால் அளந்தேன். எட்டரை. கடைக்காரர் நான் வாங்கப் போகிறேன் என்று நினைத்து டீ வரவழைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் 350 ரூபாய்க்கு ஒரு எனாமல் கிண்ணம் வாங்கினேன்.

சாமான் வண்டிக்காரர் பேசியதற்கு மேல் 1,500 கேட்டார், பின்தெருவில் சேறாம். கொடுத்தோம். திருமயம் தாண்டும்போது கோட்டைக்கு மேலே வெயில் அடித்தது. ஐந்து நாளில் முதல் வெயில்.

நவம்பர் 24, திங்கள்

இது சென்னையிலிருந்து. ஐயா இன்று காலை வாட்ஸாப்பில் மூன்று படம் அனுப்பியிருந்தார். முதலாவதில் கொக்கு பூசிய சுவரின் நின்ற பாதி. மயிரிழை விரிசல், வலைபோல. இரண்டாவதில் அது முழுவதும் கொத்தி எடுத்து வெறும் செங்கல். மூன்றாவதில் புதுப்பூச்சு, தூக்குக்குண்டு தொங்குகிறது. கூடவே குரல் செய்தி, பின்னால் யாரோ மணல் சலிக்கும் சத்தத்தோடு:

"தாயி, கொக்கு போட்ட இடம் வெடிச்சிருச்சு. தப்பா நினைக்காதீங்க, நான் பூசிட்டேன். சிமெண்ட் ஒண்ணேகால் மூட்டை, கொத்தனார் கூலி ஒண்ணு, சித்தாள் கூலி ஒண்ணு. வீட்டுக்காரர் உங்ககிட்டதான் வாங்கிக்கச் சொன்னாரு."

பில் கேட்டிருக்கிறேன். எங்கள் நிதிப் படிவத்தில் உபகரணம், பயணம், தரவுச் சேகரிப்பு என்று மூன்றே தலைப்பு. தம்பி தரவுச் சேகரிப்பில் போடலாம் என்கிறான்.